அந்த ஸ்பீக்கரை அணையுங்கள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசி ஆடும் ரோல்-பிளேயிங் விளையாட்டுகளில் பின்னணி இசை இல்லாவிட்டால் ஆட்டம் சோபிக்காது என்பது இன்று ஏறக்குறைய சட்டமாகிவிட்டது. புதிதாக கேம் மாஸ்டர் ஆகிறவருக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் 'விதிப்புத்தகத்தைப் படி' என்பதற்கு அடுத்தபடியாக 'பிளேலிஸ்ட் தயார் செய்' என்பதுதான் வருகிறது. சண்டைக்கு ஒன்று, சத்திரத்துக்கு ஒன்று, காட்டுவழிக்கு ஒன்று, கடைசி அரக்கனுக்குத் தனியாக ஒன்று. இதற்கென்றே சந்தா கட்டி வாங்கும் சிரின்ஸ்கேப் போன்ற செயலிகள் இருக்கின்றன. மிட்நைட் சிண்டிகேட் என்ற குழு 2003இலேயே டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் பெயரைத் தாங்கிய அதிகாரப்பூர்வ இசைத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டுவிட்டது.

இது தவறு என்கிறேன். எனக்குப் பிடிக்கவில்லை என்ற அளவில் சொல்லவில்லை. இந்த விளையாட்டு எதனால் ஆனதோ அதையே பின்னணி இசை அரிக்கிறது என்பது என் வாதம்.

ஆடிப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். கேம் மாஸ்டர் என்ற ஒருவர் அந்த உலகத்தையும் அதில் உள்ள மற்ற எல்லாரையும் பேசுவார். என்ன ஆகும் என்று தெரியாத இடத்தில் பகடை உருளும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்களாக வெளியிட்ட நாளிலிருந்து அடிப்படை இதுதான். பலகையும் பொம்மையும் இருந்தால் இருக்கலாம், கட்டாயமில்லை. பேச்சுதான் ஆட்டம்.

இசையை ஆதரிப்பவர்கள் சொல்வதில் அசட்டுத்தனம் எதுவும் இல்லை. மனநிலையை உண்டாக்க இசையைவிட வேகமான கருவி கிடையாது என்கிறார்கள். அலுவலகம் முடிந்து டிராஃபிக்கில் நசுங்கி வந்து உட்காருகிறவரை ஐந்தே நிமிடத்தில் ஒரு பாழடைந்த கோட்டைக்குள் இழுத்துப்போக வார்த்தை மட்டும் போதாது. சினிமா இதைத்தான் செய்கிறது, வீடியோ கேமும் இதைத்தான் செய்கிறது. இசை மாறினால் காட்சி மாறிவிட்டது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நடித்துப் பேசக் கூச்சப்படுகிறவருக்கு, பின்னால் ஏதோ ஒலித்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் தெம்பு. தெருவின் ஹாரன் சத்தமும் அமுங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உலகமே பார்க்கும் கிரிட்டிக்கல் ரோல் நிகழ்ச்சியில் மேத்யூ மெர்சர் இசை போட்டுத்தான் ஆட்டம் நடத்திவந்தார்.

ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

1. சினிமாவை உதாரணம் காட்டுகிறவர்கள் ரீரெக்கார்டிங் அறையை நினைத்துப் பார்த்ததுண்டா? படம் எடுத்து, வெட்டி, ஒட்டி, இந்த ஷாட் இத்தனை வினாடி என்று முடிவான பிறகுதான் இசையமைப்பாளர் திரைக்கு முன்னால் உட்காருகிறார். 1960இல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்துக் குளியலறைக் கொலையை இசையின் வல்லமைக்குச் சான்றாக எல்லாரும் சொல்வார்கள். அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் இருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து எழுதிக் காட்டிய பிறகு மனம் மாறினார். சரி, ஹெர்மன் எதற்கு எழுதினார்? கத்தி எப்போது இறங்கும், எத்தனை முறை இறங்கும், அவள் எப்போது சரிவாள் என்று முழுக்கத் தெரிந்துவிட்ட ஒரு காட்சிக்கு. மேசையில் அது யாருக்குத் தெரியும்? கேம் மாஸ்டருக்கே தெரியாது. தெரியுமென்றால் பகடை எதற்கு? அதே ஹிட்ச்காக் மூன்றாண்டு கழித்து 'தி பேர்ட்ஸ்' படத்தை வழக்கமான பின்னணி இசையே இல்லாமல், பறவைக் கூச்சலையும் மின்னணு ஒலிகளையும் வைத்தே முடித்தார். இதை மட்டும் யாரும் உதாரணமாகச் சொல்வதில்லை.

2. வீடியோ கேம் வாதம் இன்னும் பலவீனமானது. ஆடுகிறவரின் போக்குக்கு ஏற்ப இசை மாற வேண்டும் என்பது அந்தத் துறையில் பெரிய தலைவலியாக இருந்தது. லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் அதற்காகவே ஐமியூஸ் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். 1991இல் வந்த 'மங்கி ஐலண்ட் 2' விளையாட்டில், நாயகன் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனால் இசை அறுபடாமல் அடுத்த மெட்டுக்குள் நழுவும். ஆடுகிறவர் எங்கே நிற்கிறார், எதைத் தொடுகிறார் என்பது கணினிக்குக் கணத்துக்குக் கணம் தெரியும், அதனால் முடிந்தது.

மேசையில் அந்த வேலை யார் தலையில்? கேம் மாஸ்டர் தலையில். எந்தக் கோப்ளினுக்கு எத்தனை ஹிட் பாயிண்ட் மிச்சம், அடுத்து யார் முறை, போன மாதம் சத்திரக்காரனுக்கு வாய்க்கு வந்தபடி வைத்த பெயர் என்ன, அரை மணி நேரமாக வாயே திறக்காமல் இருப்பவர் யார், இவ்வளவும் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. இதற்கு மேல் அவர் டிஜேவாகவும் இருக்க வேண்டுமாம். அரசி இறந்துவிட்டாள் என்று தூதுவன் சொல்லி முடிக்கிறான். மேசையே வாயடைத்து நிற்கிறது. கேம் மாஸ்டரோ தலையைக் குனிந்து போனில் 'சோகம் 2' பிளேலிஸ்ட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார். தேடிப் பிடித்து அழுத்தினால் முதலில் சலவைத்தூள் விளம்பரம். காசு கட்டினால் விளம்பரம் வராது என்பார்கள். விளம்பரம் வராது, தலை குனிவது நிற்காது.

3. என் முக்கியமான குற்றச்சாட்டு இதுதான். இசை மனநிலையை உண்டாக்குகிறது என்கிறீர்களே, முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் எதிர்க்கிறேன்.

ஒரு பாலம். ஐந்து வழிப்பறிக்காரர்கள் மறித்து நிற்கிறார்கள். கேம் மாஸ்டர் சண்டைப் பிளேலிஸ்ட்டைத் தட்டுகிறார். முரசு அதிர்கிறது. 'எல்லாரும் இனிஷியேட்டிவ் போடுங்க.' யார் முறை முதலில் என்று முடிவு செய்யப் பகடைகள் உருள்கின்றன. அப்போது மேசையின் மூலையில், போர்வீரன் பாத்திரத்தை ஆடும் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்கிறார்: 'நான் வாளைக் கீழ வெச்சுடறேன். அந்தத் தலைவன்கிட்ட, கடைசியா எப்போ சாப்பிட்டேன்னு கேக்கறேன்.'

இந்த விளையாட்டு எதற்காக இருக்கிறதோ, அது இந்த நொடிதான். வீடியோ கேமில் இந்தக் கேள்விக்கு யாராவது முன்கூட்டியே வழி வைத்திருந்தால்தான் உண்டு. சினிமாவில் வசனகர்த்தா எழுதியிருந்தால்தான் உண்டு. இங்கே ஒருவருக்குத் தோன்றியது, சொன்னார், அந்த உலகம் பதில் சொல்லியாக வேண்டும். அந்தத் தலைவன் யார், பாலத்துக்கு எப்படி வந்து சேர்ந்தான், பின்னால் வில்லைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டிருக்கும் சின்னப் பையன் யார் மகன் என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குப் பிறகு பிறக்க வேண்டியவை.

ஆனால் முரசு நிற்கவில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு அவர் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. விழுந்த பாதியும் சண்டைக்கு நடுவே அடித்த ஜோக்காகத் தோன்றியது. ஒருவர் சிரிக்கிறார். இன்னொருவர், 'சரி, நான் அம்பு விடறேன். பதினேழு' என்கிறார். கதை முடிந்தது.

அந்தப் பெண்ணின் யோசனையை யாரும் நிராகரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கேம் மாஸ்டர் மறுக்கவில்லை, விதி தடுக்கவில்லை. இது சண்டைக் காட்சி என்று ஸ்பீக்கர் முன்பே தீர்ப்பு எழுதிவிட்டது, அவ்வளவுதான். கேம் மாஸ்டர் தன் வாயால் 'நீங்கள் சண்டைதான் போட வேண்டும்' என்று சொல்லியிருந்தால் அதற்கு ரெயில்ரோடிங் என்று பெயர் வைத்து ஆளாளுக்குத் திட்டியிருப்பார்கள். அதையே முரசால் சொன்னால் அட்மாஸ்ஃபியர் பிரமாதம் என்கிறார்கள்.

துப்பறியும் கதைகளில் நிலைமை இன்னும் மோசம். 1981இல் சாண்டி பீட்டர்சன் உருவாக்கிய 'கால் ஆஃப் கத்தூலூ' போன்ற விளையாட்டுகளில் யாரை நம்புவது என்பதுதான் மொத்த ஆட்டமும். நூலகர் சிரித்த முகத்தோடு கதவைத் திறக்கும்போதே செல்லோ முனக ஆரம்பித்தால், பாத்திரத்துக்குத் தெரியக்கூடாத ஒன்று ஆடுகிறவருக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் அவர் ஒன்றும் தெரியாததுபோல் நடிக்க வேண்டும். சினிமா பார்வையாளனுக்கு அந்த முன்னறிவிப்பு சுகம். அவன் உள்ளே போகப்போவதில்லை. இவர் போக வேண்டியவர்.

4. காது என்று ஒன்று இருக்கிறது. சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள் என்று எத்தியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே எழுதியிருக்கிறார். இன்றும் அது அவர் பெயரால்தான் வழங்குகிறது. மேசையில் ஒருவர் உயர்த்தினால் அடுத்தவரும் உயர்த்துவார். முதலில் சாவது கிசுகிசுப்பு. பிறகு தயக்கம், பிறகு இழுத்து இழுத்துப் பேசும் கிழவியின் குரல். பத்து நிமிடத்தில் அரசனும் பிச்சைக்காரனும் ஒரே உரத்த தொனியில் பேசிக்கொண்டிருப்பார்கள். நடிப்புக்குத் துணையாக வந்த இசை, நடிக்க இருந்த ஒரே கருவியைப் பிடுங்கிக்கொண்டது.

'சன்னமாக வைத்தால் போச்சு' என்பது வழக்கமான பதில். உளவியலாளர்கள் சலாமேயும் ஆலன் பேட்லியும் 1982இல் ஒரு சோதனை செய்தார்கள். கண்ணால் பார்த்த இலக்கங்களை வரிசையாக நினைவில் வைக்க வேண்டும், பின்னால் ஒலிக்கும் பேச்சைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்லியும் நினைவு தடுமாறியது. 1989இல் அதே இருவர் இசையை வைத்துப் பார்த்தபோது பாட்டு அதிகம் கெடுத்தது, வெறும் வாத்தியம் குறைவாகக் கெடுத்தது. ஆகவே, வாத்திய இசை மட்டும் போடுகிறவர்கள் பாட்டுப் போடுகிறவர்களைவிட விவரமானவர்கள் என்று தாராளமாக ஒப்புக்கொள்ளலாம். ஆய்வுக்கூடத்து இலக்க வரிசையும் நம் ஆட்டமும் ஒன்றில்லை என்பதும் தெரியும். ஆனால் இந்த ஆட்டம் முழுக்க நினைவில்தானே ஓடுகிறது? கதவு எந்தப் பக்கம், விளக்கு யார் கையில், குறுநில மன்னனின் தம்பி என்ன சொல்லிவிட்டுப் போனான் என்று எதுவுமே திரையில் கிடையாது. ஒருமுறை காதில் விழுந்ததோடு சரி.

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் செவித்திறன் குறைவு. சராசரிப்படி பார்த்தால் ஒரு மேசைக்கு ஒருவர். அவர் அதைச் சொல்லமாட்டார். தலையாட்டுவார், மற்றவர்கள் சிரித்தால் சிரிப்பார், நாலாவது வாரம் வேலை இருக்கிறது என்று வராமல் இருந்துவிடுவார். நம் ஊர் மேசைகளில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. விதி ஆங்கிலத்தில், கிண்டல் தமிழில், ஊர்ப்பெயர்கள் எல்ஃப் மொழியில். தாய்மொழியல்லாத மொழியை இரைச்சலுக்கு நடுவே பிரித்துக் கேட்பது தாய்மொழியைவிடக் கடினம். அதற்கு ஆராய்ச்சி தேவையில்லை, வெளியூர் ரயில் நிலைய அறிவிப்பைக் கேட்டவர்களுக்கே தெரியும்.

5. அமைதி என்றால் ஏன் இவ்வளவு பயம்? எபிடயா ராவச்சோல் உருவாக்கி 2005இல் வந்த 'டிரெட்' என்ற திகில் விளையாட்டில் பகடையே இல்லை. நடுவில் ஒரு ஜெங்கா கோபுரம். ஆபத்தான காரியம் எதைச் செய்ய வேண்டுமென்றாலும் ஒரு கட்டையை உருவி மேலே வைக்க வேண்டும். கோபுரம் விழுந்தால் விழவைத்தவரின் பாத்திரம் கதையிலிருந்து போய்விடும். கட்டை பாதி வெளியே வந்த நிலையில் மரம் மரத்தோடு உரசும் அந்தச் சத்தம் இருக்கிறதே, ஆறு பேரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அங்கே போய் வயலின் போடுகிறவரை என்ன செய்வது?

சாதாரண ஆட்டத்திலும் இடைவெளிகள் விழும். யாரோ யோசிக்கிறார், யாரோ தன் பாத்திரம் அண்ணனைக் காட்டிக்கொடுக்குமா என்று தனக்குள்ளே எடைபோடுகிறார். இசை இல்லையென்றால் அந்த மௌனத்தின் கனம் எல்லார் மேலும் இறங்கும், அதில் ஒருவர் வாய் திறப்பார். இசை ஓடிக்கொண்டிருந்தால் மௌனம் விழுந்ததே தெரியாது, வாய் ஓயாதவர்தான் மறுபடி ஆரம்பிப்பார். கூச்சக்காரருக்கு இசை தெம்பு தரும் என்றார்களே, அவர் குரல்தான் மேசையிலேயே சன்னமான குரல். அதை மூடி மறைப்பதை உதவி என்று சொன்னால் எப்படி?

6. கிரிட்டிக்கல் ரோல் ஒரு நிகழ்ச்சி. 2015இல் ஒளிபரப்பாகத் தொடங்கியது. ஆடுகிறவர்கள் தொழில்முறைக் குரல் நடிகர்கள், ஒலிவாங்கியும் ஒலிப்பதிவுக் குழுவும் உண்டு. இசை போய்ச் சேருவது வீட்டில் இருக்கும் பார்வையாளருக்கு. உங்கள் மேசைக்குப் பார்வையாளர் கிடையாது.

7. இரவல் இசை தன்னோடு சொந்த வீட்டையும் தூக்கிக்கொண்டு வரும். ஹோவர்ட் ஷோர் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களுக்கு எழுதிய இசையைப் போட்டதும், நீங்கள் அரை மணி நேரம் பாடுபட்டு விவரித்த மலைக்கிராமம் மறைந்து பீட்டர் ஜாக்சனின் நியூசிலாந்து வந்து நிற்கிறது. இளையராஜாவின் பிஜிஎம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். முதல் நாலு சுரத்திலேயே படம் எது என்று இரண்டு பேர் சண்டை போட ஆரம்பிப்பார்கள், ஒருவர் கமல் மாதிரி பேசிக் காட்டுவார், டிராகன் காத்திருக்கும். கடைசி அரக்கனுக்கு கார்ல் ஓர்ஃபின் 'ஓ ஃபோர்ச்சுனா' போடுவது இன்னொரு தேய்ந்த வழக்கம். விதியின் நிலையாமையைத் திட்டுகிற பாட்டு என்பதால் பகடை விளையாட்டுக்குப் பொருத்தம்தான். அதற்காக யாரும் போடுவதாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் நம்மூர்க்காரர்கள் சிலர் ஒரு வாதத்தை எடுப்பார்கள்: நம் மரபில் கதையும் இசையும் என்றைக்குப் பிரிந்திருந்தன, வில்லுப்பாட்டு இல்லையா, தெருக்கூத்து இல்லையா? இருக்கின்றன. வில்லுப்பாட்டில் குடமும் உடுக்கையும் அடிப்பவர்கள் பாடுகிறவரின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் வசனத்துக்குப் போனால் இவர்கள் அடங்குகிறார்கள், அவர் ஒரு சேதி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுகிறார். கூத்தில் மிருதங்கக்காரர் ஆடுகிறவனின் காலை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. கதையைக் கேட்டு வாசிக்கும் மனிதர்கள் அவர்கள். புளூடூத் ஸ்பீக்கர் யாருக்கும் 'ஆமா' போடாது. உங்கள் மேசையில் ஒருவர் உட்கார்ந்து, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி உடுக்கை அடிப்பார் என்றால் எனக்கு ஆட்சேபணையே இல்லை. நானும் வந்து ஆடுகிறேன்.

இசையை உண்மையிலேயே பயன்படுத்தத் தெரிந்த விளையாட்டுகளும் உண்டு, அவை எதுவும் அதைப் பின்னணியில் வைப்பதில்லை. ஏவரி ஆல்டரின் 'ரிப்பன் டிரைவ்', 2009இல் வந்தது, ஒரு நெடுஞ்சாலைப் பயணக் கதை. ஆடுகிறவர்கள் பாடல் தொகுப்புகளைக் கொண்டுவர வேண்டும். ஒலிக்கும் பாட்டின் வரிகளிலிருந்தே ஆட்கள் உருவாகிறார்கள், வழியும் உருவாகிறது. பாட்டைக் கேட்காவிட்டால் அங்கே ஆட முடியாது. ஸ்டீஃபன் டூவியின் 'டென் கேண்டில்ஸ்', 2015, இருட்டில் பத்து மெழுகுவர்த்தி ஏற்றி ஆடுவது. தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தன் பாத்திரத்தின் கடைசிச் செய்தியைத் தன் குரலிலேயே பதிவு செய்கிறார். எல்லா மெழுகுவர்த்தியும் அணைந்து எல்லாப் பாத்திரங்களும் இறந்த பிறகு அது ஒலிக்கிறது. அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் அப்போது பேசுவதில்லை, கேட்கிறார்கள். செஷன் தொடங்குவதற்கு முன் டீ குடிக்கும்போது பாட்டுப் போடுவதும், கதைக்குள் ஒரு பாணன் பாடினால் அந்தப் பாட்டை எல்லாரும் நிறுத்திக் கேட்பதும் இதே வகை. கேட்பதற்கான இசைக்கு மேசையில் எப்போதும் இடம் உண்டு. கேட்காமல் இருப்பதற்கென்றே போடப்படும் இசையைப் பற்றித்தான் இவ்வளவும்.

மிச்சம் இருப்பது தெருச் சத்தம். ஹாரனை மறைக்க இசை என்பதில் ஒரு சின்னக் கணக்குப் பிழை இருக்கிறது. ஹாரனை மறைக்கும் அளவுக்கு உரக்க ஒலிப்பது எதிரே இருப்பவர் பேச்சையும் மறைக்கும், அதற்கு ஹாரன் வேறு பேச்சு வேறு என்று தெரியாது. ஹாரனாவது இரண்டு வினாடியில் போய்விடும், பிளேலிஸ்ட் மூன்று மணி நேரம். ஜன்னலைச் சாத்துங்கள். ஃபேனை இரண்டில் வையுங்கள், கொஞ்சம் வியர்க்கும். நாற்காலிகளை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த மூலையில் இருப்பவர் வழிப்பறிக்காரனிடம் என்ன கேட்டார் என்று மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள்.